அரசு அனுசரிக்கும் துக்க நாள்: பாலக்காட்டு மாணவருக்கு ஒரு பதில்

பாலக்காட்டில் கல்லூரியில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "2025 ஆகஸ்டில், 14-ஆம் தேதியைப் பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாக அனுசரிக்கும்படி கேரள ஆளுநர் பல்கலைக்கழகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மாநில அரசு கூடாது என்றது. ஒரு மாணவர் சங்கம் நடத்துவோம் என்றது, இன்னொன்று தடுப்போம் என்றது. செத்தவர்களை நினைப்பதில்கூடவா அரசியல்? இதில் யார் பக்கம் நியாயம்?" இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆளுநரா அமைச்சரவையா என்பது மேலே தெரிவது. ஓர் அரசு துக்கம் அனுசரிக்கும்போது அந்தத் துக்கம் யாருடையது, அதற்கு நாள் குறிக்கவும் பெயர் வைக்கவும் உரிமை யாருக்கு என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவள் அல்ல. அச்சில் வந்த நூல்கள், அறிக்கைகள், பிள்ளைகளின் வீடுகளில் காதில் விழுந்த பேச்சு, இவைதான் என் கையிருப்பு. அரபு எழுத்தில் எழுதும் அரபு மலையாளம் படிக்கத் தெரியாது என்பதால், மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் தங்கள் பாட்டுகளில் எழுதிவைத்ததை நேராக அறிய எனக்கு வழியில்லை. நான் சொல்லப்போவதை இந்த வரம்புக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஐயமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1947-இல் பஞ்சாபும் வங்காளமும் பிளக்கப்பட்டபோது ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இறந்தவர் தொகையை யாரும் எண்ணி முடித்ததில்லை. இரண்டு லட்சம் என்பவரும் உண்டு, இருபது லட்சம் என்பவரும் உண்டு. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதையே சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17-இல்தான் வெளியிட்டார்கள். தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே கொடியேற்றியவர்கள் இருந்தார்கள். இத்தனை பெரிய சாவுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்திய அரசின் நாட்காட்டியில் ஒரு நாள்கூட இல்லை. அமிர்தசரஸில் பிரிவினை அருங்காட்சியகம் திறந்ததே 2017-இல்தான். ஆகவே, "இப்போதாவது ஒரு நாள் வேண்டும்" என்று அகதிக் குடும்பத்தார் கேட்டால் அதில் பிழை காண எனக்கு மனமில்லை. துக்கத்துக்கு இடம் கொடுக்காத நாடு அந்தத் துக்கத்தை அவரவர் வீட்டு அடுக்களைக்குள் பூட்டிவைக்கிறது.

2021-இல் பிரதமர் ஆகஸ்ட் 14-ஐ அந்த நாளாக அறிவித்தார். சமூகப் பிளவு என்னும் நஞ்சை அகற்ற வேண்டும் என்பதை இந்நாள் நினைவூட்டட்டும் என்றே அறிவிப்பும் சொன்னது. ஆனால் அது பாகிஸ்தானின் சுதந்திர நாள். கொலைகள் மாதக் கணக்கில் நடந்தவை. 1946-இலேயே கல்கத்தாவிலும் நவகாளியிலும் பீகாரிலும் தொடங்கின, 1947 மார்ச்சில் ராவல்பிண்டிப் பக்கம் எரிந்தது, ஆகஸ்டுக்குப் பிறகு பஞ்சாபின் இரு பாதிகளும் எரிந்தன. அத்தனை நாட்களில் பக்கத்து நாட்டுக் கொடியேற்றத்தின் மேல் போய் விழும் நாளைத் தேர்ந்தெடுத்தால், கை இறந்தவர்களைக் காட்டுகிறதா, எதிரியைக் காட்டுகிறதா என்ற ஐயம் எழத்தான் செய்யும். சங்க பரிவாரத்தின் திட்டத்தைக் கல்லூரிக்குள் கொண்டுவருகிறார்கள் என்று கேரள முதல்வர் சொன்னதற்கு அடி இந்த ஐயம்தான். அதே மாதத்தில் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி கவுன்சில் (என்.சி.இ.ஆர்.டி.) வெளியிட்ட பிரிவினைப் பாடத்தொகுப்பு ஜின்னா, காங்கிரஸ், மவுண்ட்பேட்டன் என்று பொறுப்பைப் பங்கிட்டது, காங்கிரஸ் கொதித்தது. இதோடு, துணைவேந்தர் நியமனம் பற்றி ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் ஏற்கெனவே நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சுற்றறிக்கை காலியான மேசையில் வந்து விழவில்லை. யார் சொல்லி யார் கேட்பது என்ற சண்டை நடந்துகொண்டிருந்த மேசையில் விழுந்தது. 1947-இல் செத்தவர்கள் அந்தச் சண்டையில் சாட்சிகளாக இழுக்கப்பட்டார்கள்.

இதைத் தொலைவில் நடந்ததாக நினைக்க வேண்டாம். நீங்கள் ரயில் ஏறும் பாலக்காடு சந்திப்புக்குப் பழைய பெயர் ஒலவக்கோடு. 1921 நவம்பர் 19-ஆம் தேதி இரவு, திரூரிலிருந்து வந்த ஒரு ரயில் அங்கே நின்றது. அதன் கடைசியில் ஒரு மூடிய சரக்குப் பெட்டி. உள்ளே நூறு பேர் அளவில் கைதிகள், அந்த ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைமார் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக எழுந்த மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள், பெல்லாரிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஷொர்ணூரிலும் ஒலவக்கோட்டிலும் அவர்கள் தண்ணீருக்கும் காற்றுக்குமாகக் கத்தியதும் பெட்டியை அடித்ததும் பதிவாகியிருக்கின்றன. கதவைத் திறக்கவில்லை. நள்ளிரவு கடந்து போத்தனூரில் திறந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் பிணம். எஞ்சியவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்தார்கள். மொத்தம் 64 என்றும் 67 என்றும் 70 என்றும் நூலுக்கு நூல் மாறுகிறது. எந்த நேரத்தோடு எண்ணிக்கையை நிறுத்தினார்கள் என்பதைப் பொறுத்து வரும் வேறுபாடு இது, பெரும்பாலும் 70 என்று கொள்கிறார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் மாப்பிள்ளை முஸ்லிம்கள், சில இந்துக்களும் உண்டு. பலர் குருவம்பலம் சுற்றுப்புறத்து ஏழை எளியவர்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துக்கொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆட்களை ஏற்றக்கூடாத பெட்டியில் ஆட்களை ஏற்றியது உறுதி. காற்றுப் போக வேண்டிய துளைகளை மூடிய கம்பிவலை, வண்ணப்பூச்சும் தூசியும் அடைத்துக் கிடந்ததும் விசாரணையில் வெளிவந்தது. நாப் என்ற அதிகாரியின் தலைமையில் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு பெட்டியின் கோளாற்றைப் பேசிய அளவுக்கு, மனிதர்களைச் சரக்குப் பெட்டியில் அனுப்பும் வழக்கத்தைப் பேசவில்லை. காவலுக்குப் போன சார்ஜண்டும் ரயில்வே ஊழியர் ஒருவரும் குற்றம் சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு மேல் யாரையும் சட்டம் தொடவில்லை. உறுதியில்லாதது எது? சாக வேண்டும் என்றே அடைத்தார்களா, செத்தால் என்ன என்று அடைத்தார்களா என்பது. மலையாளிகள் நெடுங்காலம் "வாகன் டிராஜடி" என்றார்கள், வாகன் என்பது அந்தச் சரக்குப் பெட்டி. இப்போது பலர் "வாகன் கூட்டக்கொலை" என்கிறார்கள். டிராஜடி என்றால் நேர்ந்துவிட்டது, கூட்டக்கொலை என்றால் செய்தார்கள். எனக்கு இரண்டாவது சொல்தான் நெருக்கம். கதறலைக் கேட்டும் கதவைத் திறக்காதவன் விபத்துக்கு ஆளானவன் அல்ல. ஆனால் திட்டமிட்டுக் கொன்றார்கள் என்று வகுப்பில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. அதற்குச் சான்று என் கையில் இல்லை.

இந்தப் பெட்டிக்கு நினைவு வைப்பதில் எழுந்த தகராறுகளைப் பாருங்கள். திரூரில் நகராட்சி மண்டபமே இதன் பெயரில் நிற்கிறது. ஆனால் 2018-இல் திரூர் ரயில் நிலையச் சுவரில் ரயில்வே இந்தக் காட்சியை ஓவியமாக வரைந்தது, எதிர்ப்பு வந்ததும் அழித்துவிட்டது. 1971-இல் கேரள அரசு மலபார்க் கிளர்ச்சிக்காரர்களைச் சுதந்திரப் போராட்ட வீரர்களாக ஏற்றது. ஐம்பது ஆண்டு கழித்து, 2021-இல், இந்திய வரலாற்று ஆராய்ச்சி கவுன்சில் அமைத்த மூவர் குழு, விடுதலைப் போரில் உயிர்நீத்தார் அகராதியிலிருந்து, கிளர்ச்சித் தலைவர்களான ஆலி முஸ்லியார், வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜி உட்பட 387 பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது. இதில் ஆலி முஸ்லியார் தூக்கிலிடப்பட்டது நம் பக்கத்துக் கோவைச் சிறையில், 1922 பிப்ரவரியில். ஒரே மனிதர்கள், ஒரே சாவு. ஓர் அரசுக்கு ரத்தசாட்சிகள், இன்னோர் அரசுக்கு மதக் கலவரக்காரர்கள்.

ஏன் இப்படி என்பதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை, ஒன்பதாம் வகுப்பு அறையில் கற்றேன். தொண்ணூறுகளில் ஒருநாள், 1921 பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னேன். ராவுத்தர் வீட்டுப் பையன் ஒருவன் "சமரம்", அதாவது போராட்டம், என்று எழுதிவந்தான். அவனுடைய தாத்தாவின் உறவினர் ஒருவரைப் பட்டாளம் இழுத்துப் போனதாம், திரும்பி வரவேயில்லை. அவனுக்கு அடுத்த பெஞ்சில் இருந்த ஒரு பெண் "கலாபம்", அதாவது கலவரம், என்று எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டியின் வீட்டார் கிளர்ச்சி நடந்த மலபாரின் ஏறநாட்டிலிருந்து இரவோடு இரவாகப் பாலக்காட்டுப் பக்கம் ஓடிவந்தவர்கள். பாட்டியின் சிற்றப்பாவை அயல்வீட்டாரே வெட்டிக் கிணற்றில் போட்டார்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டு தாள்களையும் வாசித்தேன். வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. பிறகு அந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், அவர்களுக்கு மண்டபம் இருக்கிறது. எங்கள் பாட்டியின் சிற்றப்பா பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?" அன்று என்னிடம் பதில் இல்லை. பாடத்தை நிறுத்தினேன்.

அன்றிலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். 1921-இல் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதால்தான் அவிழ்க்க முடியவில்லை. கிளர்ச்சி எத்தகையது என்பது ஒரு கேள்வி. ஜன்மிகள் என்னும் நிலவுடைமையாளர்களின் குத்தகைக் கொடுமைக்கு எதிரான குடியானவர் எழுச்சி என்பவர் உண்டு, துருக்கிக் கலீபாவைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கத்தின் பெயரால் எழுந்த வெள்ளையர் எதிர்ப்பு என்பவர் உண்டு, இந்துக்கள் மேல் ஏவிய மதவெறி என்பவர் உண்டு. கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு 1946-இலேயே அதை அழைப்பு என்றும் எச்சரிக்கை என்றும் ஒருசேரச் சொன்னார். நான் படித்த அளவில் மூன்றுமே நடந்திருக்கின்றன. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் விகிதம் மாறியிருக்கிறது. கட்டாய மதமாற்றமும் கொலைகளும் நடந்ததை மறைப்பவர்கள் அந்தப் பெண்ணின் பாட்டியை இன்னொரு முறை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். ஆனால் பெட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்தது வேறு கேள்வி. கைதி என்ன செய்திருந்தாலும், அரசின் கையில் இருக்கும்போது அவன் உயிருக்கு அரசே பொறுப்பு. வீரன் என்றால்தான் அந்தச் சாவு குற்றம், கலவரக்காரன் என்றால் குற்றமில்லை என்று எந்த நீதியிலும் இல்லை. தியாகிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அந்தப் பெட்டியின் நினைவை எழுதவும் அழிக்கவும் செய்வது அடிப்படையிலேயே பிழை. அந்த எழுபது பேரும் தியாகிகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் மனிதர்கள், பூட்டிய பெட்டியில் அரசாங்கக் காவலில் செத்தார்கள். சுவரில் எழுத அது போதும்.

நம் மாவட்டத்திலேயே இந்த இரு கேள்விகளையும் தனித்தனியாகத் தூக்கிய ஒருவர் இருந்தார். மங்கரையில் பிறந்த சேற்றூர் சங்கரன் நாயர். 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகினார், அன்றைக்கு அந்தச் சபையில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ'டுவையரைக் குற்றம் சாட்டி எழுதி, லண்டனில் அவதூறு வழக்கில் தோற்றார். அதே எழுத்தில்தான் மலபாரில் இந்துக்களுக்கு நடந்த கொடுமைகளையும் அடுக்கி, காந்தியின் கிலாபத் ஆதரவைக் கடுமையாகத் தாக்கினார். இன்று ஒரு தரப்பு ராஜினாமாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது, மற்றது காந்தி எதிர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவருடைய காந்தி மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் செய்ததையும் உள்ளூரான் செய்ததையும் ஒரே வாயால் குற்றம் என்று சொன்ன நேர்மையை மதிக்கிறேன்.

ஜாலியன்வாலா பாக் என்றவுடன் இன்னொன்று. அங்கே 1919 ஏப்ரல் 13-இல் இறந்தவர் அரசுக் கணக்கில் 379, மக்கள் கணக்கில் அதைவிட மிக அதிகம். கொன்றது அந்நிய அரசு, செத்தவர் நம்மவர். தகராறுக்கே இடமில்லை என்று நினைப்போம். ஆனால் 2019-இல் நினைவு அறக்கட்டளையிலிருந்து காங்கிரஸ் தலைவருக்கு இருந்த இடத்தைச் சட்டத் திருத்தத்தால் எடுத்தார்கள். 2021-இல் இடத்தைப் புதுப்பித்து, படை நுழைந்த அந்தக் குறுகிய சந்தில் சிரித்த முகச் சிற்பங்களைப் பதித்தபோது வரலாற்றாசிரியர்கள் வருந்தினார்கள். அந்தச் சந்தின் இறுக்கம்தான் அங்கே பேச வேண்டிய சாட்சி. இரவு ஒளிக்காட்சி வைத்தால் கூட்டம் வரும், சந்து பேசுவது நின்றுபோகும். நினைவு நாளாக இருந்தாலும் நினைவிடமாக இருந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: அங்கே போனவன் செத்தவனைப் பற்றி அறிந்து திரும்புகிறானா, அதைக் கட்டியவனைப் பற்றி அறிந்து திரும்புகிறானா?

நாம் எல்லைக்காரர்கள். நமக்கு இது ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1-இல் தெரியும். இங்கே அன்று கேரளப் பிறவி, பிள்ளைகள் கசவு வேட்டியும் சேலையும் கட்டி வருவார்கள். வேலந்தாவளம் தாண்டினால் அதே நாள், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர்களுக்கான எல்லைப் போராட்டத் தியாகிகள் நாள். அதுவும் நேற்று வந்த பெயர்தான். 2019-இல் ஓர் அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றது. 2021-இல் அடுத்த அரசு அதை மாற்றி, ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக்கி, நவம்பர் 1-ஐத் தியாகிகளுக்குக் கொடுத்தது. அந்தத் தியாகிகளில் 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுடப்பட்டவர்கள் உண்டு. சுட்டது வெள்ளைக்காரன் போலீஸ் அல்ல, சுதந்திர இந்தியாவில், திருவிதாங்கூர் கொச்சியில் பட்டம் தாணுபிள்ளையின் சோஷலிஸ்ட் அரசின் போலீஸ். தன் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா கேட்டார், கட்சி உடையும் அளவுக்குப் போனது. தன் கட்சி செய்த கொலையைத் தானே எண்ணிக் காட்டத் துணிந்தவர் என்று அவரைப் பற்றி வகுப்பில் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. நான் இங்கே நடத்திய பாடநூல்களில் அந்த நாள் வந்ததே இல்லை. திருவிதாங்கூர்த் தமிழர் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட வட்டங்களில் நம் சித்தூரும் ஒன்று என்பதையே என் மாணவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை.

ஐதராபாத்தின் செப்டம்பர் 17-ஐயும் பாருங்கள். 1948-இல் நிஜாம் ஆட்சி இந்தியாவோடு சேர்ந்த அந்த நாளுக்கு மத்திய அரசு வைத்த பெயர் விடுதலை நாள். தெலங்கானாவின் முந்தைய அரசு அதே நாளைத் தேசிய ஒருமைப்பாட்டு நாள் என்றது, அடுத்து வந்த அரசு மக்களாட்சி நாள் என்றது. நிஜாமுக்கு ஆதரவான ஆயுதக் குழுவான ரசாக்கர்களால் செத்தவர்களை யாரும் மறக்கவில்லை. இந்தியப் படை நுழைந்த பிறகு செத்தவர்களைச் சொல்லத்தான் மூன்று பெயர்களிலும் இடமில்லை.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அடுத்தவன் செய்த கொலையை நினைவுகூர எந்த அரசுக்கும் கை நீளும். தன் அலுவலகம், தன் போலீஸ், தன் கோப்பு செய்த பிழை என்றால் கை மடங்கிவிடும். கேரள அரசும் இதற்கு விலக்கில்லை, நான் வாக்களித்த அரசு என்பதால் அதைச் சொல்லாமல் விட மாட்டேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். ஏறக்குறைய எல்லோரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் குடும்பங்கள், நம் தமிழர்கள். மறுநாள் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், லயம் என்னும் தோட்டக் குடியிருப்பில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று அரசு அறிவித்தது. சட்டப்படி வெவ்வேறு கணக்கு என்று விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தில் தவறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரங்கல் எப்படி அளக்கப்படுகிறது என்பதை அந்த மலைச்சரிவில் நின்றவர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். அங்கே உறவு இழந்த என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டீச்சர், எங்கள் சாவு பாதிச் சாவா?" ஆகஸ்ட் 14 சுற்றறிக்கையை எதிர்த்தவர்கள் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கடன்பட்டவர்கள்.

இனி உங்கள் "யார் பக்கம் நியாயம்" என்பதற்கு வருகிறேன். பிரிவினையை நினைவுகூர வேண்டும், இதில் எனக்கு ஐயமில்லை. அதற்குப் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான இடமும் இல்லை. ஆனால் மேலிருந்து வரும் சுற்றறிக்கையால் நடத்தும் துக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது. எந்த நாளில், எந்தச் சொல்லில், எந்தச் சான்றுகளோடு என்பதைக் கேட்டு வாதாடுவதுதான் அங்கே நடக்க வேண்டிய வேலை. ஆளுநர் அந்த வாதத்துக்கு இடம் விடவில்லை என்பது என் குறை. மாநில அரசு "கூடாது" என்று நிறுத்திக்கொண்டதும் குறைதான். "நாங்கள் வேறொரு நாளில் லாகூரையும் அமிர்தசரஸையும், ஜம்முவில் செத்த முஸ்லிம்களையும் நவகாளியில் செத்த இந்துக்களையும், ரயில்களில் வந்திறங்கிய எல்லாப் பிணங்களையும் சேர்த்துப் படிக்கிறோம், வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தச் சுற்றறிக்கை தானாகவே சிறுத்துப்போயிருக்கும். தடை அதைப் பெரிதாக்கிவிட்டது. சட்டத்தில் பல்கலைக்கழக வேந்தரான ஆளுநருக்கு அத்தனை அதிகாரம் உண்டா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும், அது என் துறை இல்லை. ஆகஸ்ட் 14 என்ற நாள் தீய நோக்கத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் நான் அறுதியிட மாட்டேன். ஒருவர் மனத்துக்குள் இருந்ததை என்னால் சான்று காட்ட முடியாது. அந்த நாள் எந்தப் பக்கம் விரல் நீட்டுகிறது என்பதை மட்டும்தான் காட்ட முடியும்.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு வேலையும் சொல்கிறேன். அடுத்த ஆகஸ்டில் கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரு சங்கத்துப் பிள்ளைகளிடமும் போய், 1947-இல் இறந்த ஒருவரின் பெயரும் ஊரும் தொழிலும் கேளுங்கள். கோஷத்தைக் கேட்காதீர்கள், பெயரைக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடட்டும். இறந்தவர்களை முதலில் பெயராக எழுதுங்கள், பிறகு எப்படி இறந்தார்கள் என்று எழுதுங்கள், யார் பொறுப்பு என்பதைச் சான்றோடு எழுதுங்கள், தியாகியா பலியா என்ற பட்டத்தைக் கடைசியில் எழுதுங்கள், எழுதாமல் விட்டாலும் குறையில்லை. அரசுகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, பட்டத்தில் தொடங்கிப் பெயருக்கு வருவதற்குள் விழா முடிந்துவிடுகிறது.

நவம்பர் 19-இல் நேரம் கிடைத்தால் திரூருக்குப் போய்வாருங்கள். மண்டபத்தைப் பாருங்கள், அங்குள்ள முதியவர்களிடம் பேசுங்கள். திரும்பும்போது மாலை வண்டி பிடித்து, ஷொர்ணூரிலும் பாலக்காட்டிலும் வண்டி எத்தனை நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போத்தனூர் வரை போங்கள். அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் உடன் எடுத்துப் போங்கள். ஏறநாட்டில் யாராவது ஒருவரிடம், கிணற்றில் போடப்பட்டவர்களின் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு, கிடைத்ததை இங்கே வந்து எழுதுங்கள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.